மெல்லச் சுழலும் விசிறி



சில வாரங்களாக ஆலய அலுவலகத்தின் பக்கம் வந்தவர்கள் ஓர் இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். மாவு மில் ஓடுவதுபோல் எழும்பும், சில நொடிகளில் அடங்கும், மீண்டும் எழும்பும். ஜெபக்கூட்டத்தின் நடுவிலும் அது நம்மை விடவில்லை.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து சேமிப்பதற்காக, நம் வாலிபர் ஒருவர் சர்வர் மதர்போர்டு ஒன்றைக்கொண்டு கணினி அமைத்துத் தந்தார். அத்தகைய பலகை, ஆளில்லாத குளிரூட்டிய அறையில், நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும் சிறு விசிறிகளோடு இயங்குவதற்கென்றே ஆக்கப்பட்டது. நமக்கோ அது மேசையருகே இருக்கவேண்டும். ஆகவே 120 மில்லிமீட்டர் அளவுள்ள, நிதானமாகச் சுழலும் விசிறிகளை மாற்றச் சொன்னவன் நானே. தொல்லை அதற்குப் பின்னரே தொடங்கியது!

அந்தப் பலகையில் பிஎம்சி எனப்படும் சிறு கண்காணிப்புக் கணினி ஒன்று தனியே உண்டு. பெரிய கணினி அணைந்திருந்தாலும், மின்னிணைப்பு இருக்கும்வரை அது விழித்திருக்கும். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு கீழெல்லை அதனிடம் குறிக்கப்பட்டிருக்கிறது. வேகம் அதற்குக் கீழே போனால், விசிறி நின்றுபோயிற்று என்று முடிவுசெய்து எல்லா விசிறிகளையும் முழு வேகத்திற்கு விரட்டும். நின்றதாக எண்ணப்பட்ட விசிறியும் கூடவே விரையும். நிம்மதியடைந்து வேகத்தைக் குறைக்கும்; குறைத்ததும் எல்லைக்குக் கீழே இறங்கும்; மறுபடியும் பதற்றம். விசிறிகளில் ஒரு பழுதும் இல்லை.

இதை அவர் விளக்கியபோது என் முகம் மாறியதை அவர் கவனித்திருக்கமாட்டார். நம் சபையின் ஒரு தாயார், கணவரை இழந்தபின் கூட்டங்களில் வாய்திறந்து ஜெபிப்பதை நிறுத்தியிருந்தார். விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார் என்று நான் தீர்மானித்து, மூப்பர்களையும் அழைத்துக்கொண்டு வீட்டிற்குப் போனேன். அடுத்த ஞாயிறு உரக்க ஜெபித்தார். பிறகு மௌனம். மறுபடியும் போனேன். மூன்றாம் முறை, "ஐயா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எல்லாரும் வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

சீர்செய்வது எளிதாகவே இருந்தது. சர்வர்களைக் கண்காணிக்க 1998இல் வகுக்கப்பட்ட ஐபிஎம்ஐ என்னும் நெறிமுறை உண்டு. ஐபிஎம்ஐடூல் என்னும் நிரலால் அந்த எல்லைகளை மாற்றலாம். நம் விசிறி மிக மெதுவாகச் சுழலும்போது 500 சுற்று. முதல் எச்சரிக்கையை 300இலும், அடுத்தவற்றை 200, 100 என்றும் வைத்தார். தொல்லையே வேண்டாம், பூஜ்யம் வைத்துவிடலாமே என்றேன்.

"வேண்டாங்கய்யா. அப்புறம் விசிறி நெசமாவே நின்னாக்கூட அதுக்குத் தெரியாது. காரைக்குடி வெயிலு வேற."

அதற்கும் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. கடைசி இருக்கையில் அமர்ந்து, ஆராதனை முடிந்ததும் பேசாமல் போய்விடும் சகோதரர். அவர் மூன்று மாதம் மதுரையில் மருத்துவமனையில் கிடந்ததை நாம் ஒருவரும் அறியவில்லை. அமைதியானவர்தானே என்று நானும் விசாரிக்கவில்லை.

கணினி இப்போது சத்தமின்றி ஓடுகிறது. மே மாதப் பிற்பகல்களில் அலுவலகத்திற்கு வருகிறவர்கள் திரையில் வெப்ப அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமை மாலை நான் அங்கே இருக்கமாட்டேன். அந்தச் சகோதரரின் வீட்டிற்குத் தனியே போகிறேன்.