பையைத் தொட்டார்... சுட்டது! ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப் வைத்தியம்

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 70 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் வந்து இறங்கி, எதிரே பார்க் டவுன் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் ரிச்சி தெரு வந்துவிடும். அந்த வியாழக்கிழமை காலை, கல்லூரி கடைசி வருடம் படிக்கும் மகளும் அவளுடைய அப்பாவும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். மகளின் தோளில் ஒரு கறுப்புப் பை. அதற்குள் லேப்டாப்.

திங்கட்கிழமை புராஜெக்ட்டை ஒப்படைக்க வேண்டும். லேப்டாப்போ அடுப்பு மாதிரி கொதிக்கிறது. பாதி வேலையில் திடீரென்று அணைந்துபோகிறது. ஆனால், வேலை முடிந்து அணைக்கச் சொன்னால் அணைய மறுக்கிறது. ஊரில் ஒரு கடையில் காட்டியதற்கு, "மதர்போர்டு போயிடுச்சு. மாத்தினா 15,000 ஆகும். அதுக்குப் பதிலா புதுசே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா, சீட்டுப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதைச் செலவழிக்காமல் ஊர் திரும்ப முடியுமா என்பதுதான் வழியெல்லாம் அவருடைய கவலை.

தறிகள் இருந்த இடத்தில்...

சிந்தாதிரிப்பேட்டைக்கு வயது கிட்டத்தட்ட 300. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து தருவதற்காக, 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய பகுதி இது. சின்னத் தறிகள் நிறைந்த பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறிச் சத்தம் ஓய்ந்து பல காலமாகிவிட்டது. ஆனால், கைவேலை மட்டும் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

அண்ணா சாலையை ஒட்டி, கேசினோ தியேட்டருக்கு அருகே இருக்கிறது ரிச்சி தெரு. பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை. ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் 'ரிச்சி ஸ்ட்ரீட்'. மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஒரு காலத்தில் ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரிபாகங்களுக்குப் பேர்போன தெரு. பிறகு டி.வி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது. தெருவும் அவற்றோடு சேர்ந்து மாறியது. டெல்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்து, நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

காலை 11 மணிக்கு மேல் நடக்கவே இடம் இருக்காது. தலையில் அட்டைப்பெட்டி சுமந்து வருபவர்கள், பைக்கை நடுவில் நிறுத்திவிட்டு விலை பேசுபவர்கள், டீ கிளாஸோடு வாசலில் நிற்கும் கடைப் பையன்கள். "என்னா சார் வேணும்? லேப்டாப்பா, சர்வீஸா?" என்று இரண்டு பக்கமும் குரல்கள். முதலில் கூப்பிட்ட குரலுக்குப் பின்னால் போகாமல், தெருவை ஒருமுறை முழுசாக நடந்து பார்ப்பதே நல்லது. மகளும் அப்பாவும் அதைத்தான் செய்தார்கள். நான்கு கடைகளில் விசாரித்தார்கள். மூன்றில், பையைத் திறப்பதற்கு முன்பே விலை சொன்னார்கள்.

நான்காவது கடை, குறுகலான படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில். கடை என்பதைவிட ஒரு மேஜை என்றே சொல்லலாம். மேஜை விளக்கு, காந்தத் தட்டில் ஒட்டியிருக்கும் பொடி ஸ்க்ரூக்கள், புளோயர், பிரஷ். நாற்பது வயதைத் தாண்டிய அந்த மெக்கானிக் விலை எதுவும் சொல்லவில்லை. மேஜையில் வைத்த பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"பாப்பா, இதை எப்போ ஆஃப் பண்ண?"

"காலைல ஆறரைக்கு வீட்டுல ஷட் டவுன் பண்ணேண்ணா."

"அப்போ இது எதுக்கும்மா இன்னும் சுடுது?"

அப்பாவும் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

அணைந்த மாதிரி நடிக்கும் மெஷின்

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்ததும், திரையைத் திறக்காமல் அதன் பக்கவாட்டைக் காட்டினார் மெக்கானிக். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் மெல்லிய சத்தமும் கேட்டது. திரை கறுப்பானதுமே அணைந்துவிட்டது என்று நினைத்து மூடியிருக்கிறாள் மகள். மெஷின் அணையவே இல்லை. மூடிய பைக்குள் காற்றுப் போக வழியில்லாமல், அரக்கோணத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை அது வெந்துகொண்டே வந்திருக்கிறது.

"காலைல பார்த்தா சார்ஜும் இருக்காதே?"

"ஆமாண்ணா. நைட் ஃபுல் சார்ஜ் போட்டு வெச்சாலும் காலைல ஜீரோ."

பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்தார். விளக்கு அணைந்தது. "இது அவசரத்துக்கு மட்டும்தான். தினமும் இப்படிக் கழுத்தைப் பிடிச்சு அணைச்சா ஃபைலெல்லாம் கெட்டுப்போகும்" என்றார்.

அடுத்து, லேப்டாப்பை மேஜைக் கண்ணாடியின் மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்தினார். ஆடவில்லை. டச்பேடு மேலெழும்பியிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். சூட்டிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி சில நேரம் உப்பிவிடும். அப்போது அடிப்பகுதி சமமாக உட்காராது, டச்பேடு தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். நல்லவேளை, இந்த பேட்டரி சரியாகவே இருந்தது.

கொஞ்சம் ஆறிய பிறகு ஆன் செய்தார். முதலில் ரீஸ்டார்ட் கொடுத்தார். ஒழுங்காக அணைந்து, திரும்ப வந்தது. அடுத்து ஷட் டவுன். திரை கறுப்பானது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அணைத்து, மறுபடி ஆன் செய்து, இந்த முறை ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தார். விளக்கும் அணைந்தது, விசிறியும் நின்றது.

"பாருங்க சார், மதர்போர்டு போயிருந்தா இது இப்படி நடக்குமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக முடித்துக்கொள்வதில்லை. தன் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். மறுநாள் சீக்கிரம் எழுந்துகொள்ள இந்த ஏற்பாடு. "கடையை முழுசா எடுத்து வைக்காம, சரக்கை அப்படியே விட்டுட்டு ஷட்டரை மட்டும் இறக்குற மாதிரி" என்பது மெக்கானிக்கின் விளக்கம். சாதாரணமாக இதனால் தொல்லை இல்லை. ஆனால், ஏதாவது ஒரு டிரைவர் பழசாகவோ பொருந்தாமலோ இருந்தால், உறங்கப்போகும் நேரத்தில் அது முரண்டு பிடிக்கும். திரை அணைந்துவிடும், மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போதும், ஷிஃப்ட்டோடு ஷட் டவுன் கொடுக்கும்போதும் விண்டோஸ் முழுதாக முடித்துக்கொள்கிறது. அதனால்தான் அவை இரண்டும் ஒழுங்காக நடந்தன.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. அங்கே மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை அழுத்தினால்தான் கீழே உள்ள கட்டங்களை மாற்ற முடியும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முன்னால் இருந்த டிக்கை மகளையே எடுக்கச் சொன்னார். பிறகு, லேப்டாப் தயாரித்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்கான சிப்செட் டிரைவரை இறக்கிப் போட்டார். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தபோது, இந்த முறை விளக்கு அணைந்தது. இதுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் கழற்றவில்லை.

போர்வைப் பஞ்சு

"அணையாத பிரச்னை போச்சு. ஆனா வேலை செய்யும்போதே சூடாகுதுன்னு சொன்னியே, அது வேற" என்றபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். திறப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டார். வாரன்டி இருக்கிறதா? முடிந்துவிட்டது. இருந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே அனுப்பியிருப்பாராம். புராஜெக்ட்டுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இல்லை. உடனே ஒரு பென் டிரைவில் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காப்பி ஏறி முடியும்வரை ஸ்க்ரூவைத் தொடவில்லை.

அடி மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகு விசிறியைக் காட்டினார். சூட்டை வெளியேற்றும் செம்புக் குழாயின் முனையில், சீப்புப் பற்கள் போலிருக்கும் மெல்லிய தகடுகள். அவற்றின் மேல் கம்பளம் விரித்த மாதிரி சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீலச் சாயலும் தெரிந்தது.

"வீட்டுல நீலப் போர்வையா பாப்பா?"

மகள் சிரித்துவிட்டாள். இரவெல்லாம் கட்டிலில் போர்வை மேல் வைத்துத்தான் வேலை பார்த்திருக்கிறாள். பெரும்பாலான லேப்டாப்புகள் காற்றை அடியிலிருந்துதான் இழுக்கின்றன. மெத்தையில் வைத்தால் அந்த வழி அடைபடும். காற்றோடு பஞ்சும் உள்ளே போகும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய எல்லையையும் தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்த மெஷினையும் நிறுத்திவிடும். பாதி வேலையில் அணைந்ததற்குக் காரணம் அதுதான்.

விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தார். காற்றின் வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுற்றினால் அதுவே பழுதாகிவிடும். பிராசஸர் மேல் காய்ந்து பொடியாகிக் கிடந்த பழைய தெர்மல் பேஸ்ட்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார். புது பேஸ்ட்டைப் பட்டாணி அளவுகூட இல்லாமல் கொஞ்சமாக வைத்து மூடினார். பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் உலோகத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை இந்தப் பேஸ்ட்தான் நிரப்புகிறது. அது காய்ந்தால் சூடு கடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடும்.

மூடியதும் கொடுத்துவிடவில்லை. அரைமணி நேரம் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அடியில் அவ்வப்போது கைவைத்துப் பார்த்தார். இளஞ்சூடு மட்டுமே இருந்தது.

சட்டைப் பையில் மிச்சம்

"எவ்வளவு தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அப்பா. க்ளீனிங்குக்கும் பேஸ்ட்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் கேட்டார் மெக்கானிக். செட்டிங்கை மாற்றியதற்குப் பணம் வாங்கவில்லை. "அதை பாப்பாதானே பண்ணுச்சு!"

எல்லா லேப்டாப்பும் இப்படி எளிதாகப் பிழைத்துவிடுவதில்லை. மேஜையின் இன்னொரு மூலையில், உயிர் போன மதர்போர்டுகள் அடுக்கிக் கிடந்தன. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்புகளும் அங்கே இருந்தன. சிலவற்றுக்கு வைத்தியம் இல்லை. ஆனால், வைத்தியம் இல்லை என்று சொல்வதற்கு முன்பு பார்க்க வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றுகிறதா, ரீஸ்டார்ட்டில் அணைகிறதா, ஷிஃப்ட்டோடு அணைகிறதா, காற்றுப் போகும் வழி திறந்திருக்கிறதா என்று வீட்டிலேயே காசில்லாமல் பார்த்துவிடலாம். கடைக்குப் போகும்போது இந்தப் பதில்கள் கையில் இருந்தால், "மதர்போர்டு போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குப் பயந்து பணத்தை நீட்ட வேண்டியதில்லை.

கிளம்பும்போது மகளிடம் மெக்கானிக் சொன்னது இரண்டே விஷயம். "கட்டில்ல வைக்காதே, ஒரு பலகை மேல வெச்சுக்கோ. பைக்குள்ள போடுறதுக்கு முன்னாடி அந்த விளக்கைப் பாரு."

மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தின் நடைமேடையில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, மகளின் தோளிலிருந்த பையை அப்பா ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"அப்பா, ஆஃப் ஆயிடுச்சுப்பா. விளக்கைப் பார்த்துட்டுத்தான் வெச்சேன்."

"தெரியும்மா" என்றார் அவர். கையை மட்டும் எடுக்கவில்லை. பை குளிர்ந்திருந்தது.