குறட்டை ரெக்கார்டிங்

காலையில வீட்டம்மா வாட்ஸப்ல ஒரு ஆடியோ அனுப்பியிருந்தாங்க.
பக்கத்து ரூம்ல இருந்துதான்.

போட்டுக் கேட்டா... ராத்திரி நான் விட்ட குறட்டை!

சத்தம்கூடப் பரவால்ல. நடுவுல திடீர்னு அமைதி. மூச்சே இல்ல.
அப்புறம் "ஹக்"னு ஒரு திணறல். மறுபடியும் முதல்லேர்ந்து.
கேட்ட எனக்கே வயித்தக் கலக்கிடுச்சு.

டாக்டர் நண்பருக்கு அனுப்பினேன். சிரிப்பாருன்னு பார்த்தா, "ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம், டெஸ்ட் எடுத்துருங்க"ன்னுட்டார்.

தூங்கறப்ப தொண்டைத் தசை தளர்ந்து காத்து போற வழி அடைச்சுக்குது. மூச்சு நிக்கறதும் குறையறதும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்கு மேல போனா கவனிக்கணும். 30-ஐத் தொட்டா தீவிரம்.
ஒவ்வொரு தடவையும் மூளை நம்மள லேசா எழுப்பி விடுது. நமக்குத்தான் ஞாபகம் இருக்காது.
பகல்ல மீட்டிங்ல தூங்கி வழியறது, காலைத் தலைவலி, ஏறுற பிரஷர்... எல்லாம் இதோட சொந்தக்காரங்க.

எடையக் குறைக்கணும். ராத்திரி சரக்கு கூடாது. ஒருக்களிச்சுப் படுக்கணும்.
அதுக்கும் மசியலன்னா சிபேப் மெஷின். மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமப் பாத்துக்கும்.
1980-கள் தொடக்கத்துல சிட்னியில காலின் சல்லிவன்ங்கற டாக்டர் இத உருவாக்கினப்ப, உள்ள ஓடினது வாக்குவம் கிளீனர் மோட்டார்!

வீட்ல வாக்குவம் கிளீனரக் கையால தொடாதவன் நான். இனி அதோட சொந்தத்த மூஞ்சியில மாட்டிட்டுத் தூங்கணும் போல.

இங்க யாராச்சும் சிபேப் போடுறீங்களா?
நிஜமாவே பழகிடுமா?