மூட்டை அடுக்கிய அறையும் விடாத இருமலும்

அறுப்புச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் விவசாய இதழ்களுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "உளுந்தில் பூசணம் பிடித்துவிட்டது, காயவைத்துப் புடைத்தால் விலை போகுமா?" விலையைப் பற்றிய கேள்வி அது. அந்த மூட்டைகளை அடுக்கிய அறையில் பாய் விரித்துப் படுத்தவருக்கு, ஒரு மாதமாக இரவெல்லாம் இருமல் இருந்தால், அதை யாரும் எழுதிக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே பூசணத்தின் வேலையாக இருக்கலாம் என்று தோன்றுவதுமில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று நீளும் கரிசல் பூமி, வானத்தைப் பார்த்து வாழும் மானாவாரிக் காடு. ஆவணியில் மேகம் கூடாவிட்டால் நெஞ்சு பதறும் சனங்களிடம் போய் ஈரம் நோய் தரும் என்றால் எப்படி ஏறும்? "வீட்டில் ஈரம் இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டால், "எங்க ஊர்ல மழை பேஞ்சாத்தானய்யா ஈரம்" என்று பதில் வரும். பதில் பொய்யில்லை. ஆனால் பெய்கிற இரண்டு மூன்று மாதத்து மழையைக் கரிசல் மண் எளிதில் விடுவதில்லை. செம்மண்ணில் நீர் இறங்கிவிடும். கரிசலில் நின்று ஊறும். ஊறிய மண் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நிற்கிற வீட்டுச் சுவரும் கூடவே ஏறி இறங்கிக் கீறல் விடும். அடுத்த ஐப்பசியில் அந்தக் கீறல்தான் தண்ணீருக்கு வாசல்.

கீழிருந்து ஓதம் ஏறுவது தனிக்கதை. பேஸ்மட்டத்தின் மேல் ஓதத்தைத் தடுக்கும் பூச்சு போடாமல் எழுப்பிய சுவர், திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்து, சாந்து பொரிந்து உதிரும். பழைய மண்சுவரும் சுண்ணாம்புக் காரையும் வாங்கிய ஈரத்தை வெயில் கண்டதும் வெளியே விட்டுவிடும். அதன் மேலேயே சிமென்ட் பூசி, பளபளப்பான பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லை. பெயின்டு அடித்த வீடுதான் சுத்தமான வீடு என்பது எப்படியோ மனசில் ஏறிவிட்டது. சுண்ணாம்பு ஏழை வீட்டுச் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட்டது. ஓதத்தைப் பொறுத்தவரை சுண்ணாம்புதான் கெட்டிக்காரச் சரக்கு.

ஒரு சம்சாரி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். வெளியே களத்தில் தார்ப்பாய் போட்டு மூடியும் மழை விடாததால் உளுந்தும் பாசியும் உள்ளறைக்கு வந்துவிட்டன. ஆட்டுக்கென்று வைத்திருந்த உளுந்தம் பொட்டும் நனையக்கூடாது என்று அதே அறை மூலைக்கு வந்துவிட்டது. மூட்டைகள் சுவரை ஒட்டி, வெறுந்தரையில். ஜன்னல் இருந்த பக்கத்தில் மூட்டை அடுக்கியதால் காற்றில்லை. பத்து நாளில் அறைக்குள் ஒரு மக்கல் வாடை. மூட்டைக்குள் கையை விட்டால் இளஞ்சூடு. சுவரில் கரும்புள்ளிகள். வீட்டுப் பெரியவருக்கு மூட்டைக்குக் காவலாக அங்கேதான் படுக்கை. மழை வெறித்ததும் வீட்டம்மா சுளகை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூசணம் பிடித்த பயறைப் புடைக்கிறார். சாம்பல் நிறத்தில் ஒரு தூசி எழும்பி முகத்தைச் சுற்றி நிற்கிறது. அந்தத் தூசியில் பெரும்பகுதி பூசண விதைதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அப்புறம் நடப்பது ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு ஒன்றுமே செய்யாது. அதனால்தான் "நாங்களும் அதே வீட்லதானே இருக்கோம்" என்ற பேச்சு வருகிறது. சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு, இழுப்பு. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூன்று மடங்காகும். ஆஸ்துமாக்காரர்களில் ஒரு சிலருக்கு அஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடியேறி, பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சளி வரும். இன்னும் சிலருக்கு நுரையீரலே பூசணத் தூசிக்கு எதிராகக் கொந்தளிக்கும். காலையில் பொட்டைக் கிளறினால், நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, சாயங்காலம்போலக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல். அடுத்த ஓரிரு நாளில் தானாகத் தணிந்துவிடும். "மழையில் நனைஞ்ச காய்ச்சல்" என்று கசாயம் குடித்துவிட்டு, அவர் மறுபடியும் அதே பொட்டைக் கிளறப் போவார்.

இந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்த பெயரே விவசாயி நுரையீரல் என்பதுதான். 1932இல் கேம்பல் என்ற ஆங்கிலேய மருத்துவர், மழை மிகுந்த ஒரு பருவத்துக்குப் பின் நனைந்து மக்கிய வைக்கோலைக் கையாண்ட விவசாயிகள் மூச்சுத் திணறிப் படுத்ததை எழுதிவைத்தார். காரணம் தெளிவாக மேலும் முப்பது ஆண்டு ஆனது. 1960களில் ஜாக் பெப்பிஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும், ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும்போது அந்தச் சூட்டில் பெருகும் நுண்ணுயிர்களே முக்கியக் குற்றவாளி என்று காட்டினார்கள். ஈரத்தோடு போட்ட படப்புக்குள் கையை விட்டால் சுடுமே, அந்தச் சூடுதான்.

குளிர்நாட்டு நோய், நமக்கில்லை என்று தள்ளிவிட முடியாது. 2012க்கும் 2015க்கும் இடையே இந்தியாவில் 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளில், நுரையீரல் திசு கெட்டிப்படும் வகை நோயுள்ள 1,084 பேரைப் பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களில் 47 சதவீதம் பேருக்கு இருந்தது, வெளியிலிருந்து வரும் தூசியை நுரையீரல் ஏற்காமல் கொந்தளிக்கிற இந்த வகை நோய்தான். அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலருக்குள் எப்போதும் நனைந்தே இருக்கும் புல்தட்டியை நினைத்தால், ஈர வைக்கோலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று புரியும். இப்போது கரிசல் கிராமங்களிலும் தவணையில் கூலர் வந்து இறங்குகிறது. வாங்கினவர் வருஷா வருஷம் தட்டியை மாற்றி, ஓடாத நாளில் தண்ணீரை வடித்துக் காயவிட வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், தடுமாறிப்போகும் இடத்தில். மாதக்கணக்கில் இருமல், உடம்பு மெலிதல், எக்ஸ்ரேயில் நிழல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். இந்த மண்ணில் அதை முதலில் நினைப்பதும் சரிதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை கட்டாயம், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அந்த மருந்தே ஓடிக்கொண்டிருந்தால், பூசண அறையில் படுத்திருக்கும் நுரையீரல் மாதத்துக்கு மாதம் தழும்பேறும். தழும்பான இடம் திரும்பாது. இன்னொரு பக்கம், ஒரு ஊசி போட்டால் மூன்று நாள் நெஞ்சு லேசாகிறது, நாலாம் நாள் பழையபடி. அந்த மூன்று நாள் சுகத்துக்காக வருஷக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ரத்தம் சுத்தமாகும், நஞ்சை முறிக்கும் என்று பெயர் தெரியாத பொடி விற்பவர்களும் மழைக்காலத்தில்தான் அதிகம் வருகிறார்கள். பூசண நஞ்சை உடம்பிலிருந்து கழுவி எடுக்கும் பொடி என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று கிடையாது.

மருத்துவரிடம் போகும்போது சொல்ல வேண்டியது நோயை மட்டுமல்ல, வீட்டையும். படுக்கும் அறையில் என்ன அடுக்கியிருக்கிறது, சுவரில் புள்ளி இருக்கிறதா, எந்த வேலை செய்த அன்று சாயங்காலம் காய்ச்சல் வருகிறது, எந்த மாதத்தில் கூடுகிறது. இதில் பெரிய துப்பு ஒன்று உண்டு. மகள் ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தபோது இருமல் குறைந்து, வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே திரும்பியதென்றால், அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஊர்த் தண்ணி ஒத்துக்கிடுச்சு" என்று விட்டுவிடக்கூடாது. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சகநோய்ப் பிரிவுக்குப் போகலாம். ஊதிப் பார்க்கும் சோதனை, ஸ்கேன், ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை என்று படிப்படியாகப் பார்ப்பார்கள்.

மருந்தும் வகைக்கு ஏற்ப மாறும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துதான் முதல். "பஃப் பழகினா விடாது" என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும் வழி அது. சளியில் பூசணம் குடியேறிய வகைக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ பூசணத்தைக் கொல்லும் மாத்திரையோ மாதக்கணக்கில் தருவார்கள். நுரையீரல் கொந்தளிக்கும் வகைக்குப் பூசணக்கொல்லி மாத்திரை உதவாது. அங்கே பூசணம் உடம்பில் வளரவில்லை, உடம்புதான் அதன் தூசியோடு சண்டை போடுகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத் தணிக்கும். அதற்கு முன் காசநோய் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொன்னபடி சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். 2021இல் கொரோனாவுக்குப் பின் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை வேறு நோய். சுவரில் கரும்புள்ளி கண்டவர்கள் அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

எந்த வகையானாலும் சிகிச்சையின் பாதி மருந்துச்சீட்டில் இருக்காது. பூசணத்தை விட்டு ஆளைப் பிரிக்காமல் மாத்திரை கொடுப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது மாதிரி. வீட்டை மாற்று என்று சொல்வது சுலபம். சம்சாரிக்கு இருப்பது ஒரே வீடு. அங்கே செய்யக்கூடியது, நோயாளியின் படுக்கையை வெயிலும் காற்றும் வரும் அறைக்கு மாற்றுவது. தானியமும் பொட்டும் இருக்கும் அறையில் யாரும் தூங்காமல் இருப்பது. பொட்டு அள்ளும் வேலையையும் புடைக்கும் வேலையையும் வேறொருவரிடம் கொடுப்பது. இது சொல்லும்போது சின்னக் காரியம். நடக்கும்போது பெரிய சண்டை. புடைக்கும் வேலையைக் காலம்காலமாகச் செய்கிற வீட்டம்மாவுக்கே நோய் என்றால், அந்தச் சுளகை யார் வாங்குவது? வீட்டு ஆண்கள் வாங்கலாம். வேறு வழியே இல்லாதபோது என்95 முகமூடி போட்டு, வாசலில் காற்றுக்கு முதுகு காட்டி, தட்டையை லேசாகத் தண்ணீர் தெளித்து உதற வேண்டும். துண்டை மூக்கில் கட்டுவது இந்தத் தூசியைத் தடுக்காது.

சுவரைத் தேய்க்கும் நாளில் நோயாளி வீட்டில் இருக்கக்கூடாது. உலர்ந்த விளக்குமாற்றால் தட்டினால் விதை வீடு முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுவதானால் அதோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, நெஞ்சை அடைக்கும் வாயு வரும். துடைத்தாலும் ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் மூன்று வாரத்தில் பூசணம் திரும்பிவிடும். தட்டோட்டுக் கீறல், மொட்டைமாடி மூலையில் முளைத்த அரசங்கன்று, சுவரோரம் தேங்கும் குளியல் தண்ணீர் எல்லாவற்றையும் ஆவணிக்குள் பார்த்து முடிப்பது புரட்டாசி விதைப்புக்கு முந்திய வேலை. கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கேட்கும். ஸ்கேன் செலவை நினைத்தால் அது பெரிதில்லை.

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிப் பயிர் நீரில் நின்றது. 2021 ஜனவரியிலும் அறுப்பு நேரத்து மழைதான். இடிந்த சுவரைக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள். இடியாமல் நின்ற சுவருக்குள் ஊறிய தண்ணீரை யார் கணக்கெடுப்பது? இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் பூசணம் படர்ந்த வாடகை வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்டநாள் பூசணக் காற்றே காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி சொன்ன பிறகு, ஓதம் பிடித்த வீட்டை வீட்டுக்காரர் குறித்த நாளுக்குள் சரிசெய்யக் கட்டாயப்படுத்தும் சட்டமே வந்தது.

இனி மூட்டை. பயறு 10 சதவீத ஈரத்துக்குள், மக்காச்சோளமும் சோளமும் 12க்குள், நிலக்கடலைப் பருப்பு 8க்குள் காய்ந்திருந்தால் பூசணம் தலையெடுக்காது. கருவி இல்லாதவர்களுக்குப் பல் இருக்கிறது: கடித்தால் பதியாமல் டக்கென்று உடைய வேண்டும். அரையடி உயரத்துக்குக் கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். மழை பிடித்து, காயவைக்க முடியாமல் பூசணம் பூத்துவிட்டால், அதை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுத் தீர்த்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று ஈரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. மாடு தின்றால் அந்த நஞ்சில் ஒரு பங்கு பாலில் வரும். அப்படிப்பட்ட சரக்கை வீட்டுக்குத் தள்ளி, காற்றடிக்காத நேரத்தில், நனைத்துக் குழியில் புதைத்துவிடலாம். அதை மூட்டையோடு தூக்கிப் போகிறவரும் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும்.