விடியுமுன் புறப்படும் ஊர்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தொலைவில் உள்ளது ஜோகுபாளையம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. சென்ற திங்கள் ஒரு காலையில் அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அருகில் நின்ற இளைஞரிடம், “எந்த ஊர், தம்பி?” என்று வினவினோம்.

“தங்கவயல், ஐயா. தினமும் போய் வருகிறேன். அம்மா மூன்றரை மணிக்கே எழுந்து சோறு கட்டிவிடுவார்கள்” என்றார்.

அவ்வூரைக் காணும் ஆவல் பிறந்தது. அன்று மாலையே அவருடன் மெட்ரோவில் கிருஷ்ணராஜபுரம் சென்று, மாரிக்குப்பம் ரயிலில் ஏறினோம். நிற்கவும் இடமில்லை. பங்காருப்பேட்டையில் கிளைப் பாதையில் திரும்பிய வண்டி, உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு நிலையத்திலும் களைத்த முகங்களை இறக்கிவிட்டுச் சென்றது.

ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி நம்மவர் குடியேறிய ஊர் இது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் இங்கே வந்தது. பெங்களூர் தெருக்களில் விளக்கு எரிந்ததோ 1905இல்தான். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அதுமுதல் ஆயிரக்கணக்கானோருக்கு ரயிலே வாழ்வாயிற்று.

“ஜோகுபாளையத்திலேயே தங்கலாகாதா?” என்று கேட்டோம். “வாடகை கொடுத்தால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? தாத்தாவை யார் பார்ப்பது?” என்றார்.

உண்மைதான். ரயில் இல்லையேல் இவ்வூர் என்றோ சிதறிப்போயிருக்கும். நகரத்துச் சம்பளம்தான் இங்குள்ள கடைகளை நடத்துகிறது. ஆயினும் பகல் வேளையில் முதியோரும் சிறுவருமே எஞ்சுகின்றனர். நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அண்டை வீட்டாரை நாட வேண்டியிருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளுள் ஒன்றில், திண்ணையில் பாட்டனார் காத்திருந்தார். சுரங்கத்தில் உழைத்தவர். “நான் இருட்டில் இறங்கினேன், ஐயா. ஆனாலும் முறை முடிந்து மேலே வந்தால் வெயிலில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பேன். இவன் இருட்டில் போய் இருட்டில் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைதான் இவன் முகத்தைப் பகலில் பார்க்கிறேன்” என்றார்.

கூடுதல் ரயில்கள் வேண்டும், ஐயமில்லை. ஆனால் மனிதரை நகரத்துக்கு ஏற்றிச் செல்வது மட்டும் வளர்ச்சியாகாது. தொழிலும் அவ்வூரை நாடி வர வேண்டும். அதுவரை, நம் தெருவில் காலையில் சோற்றுத் தூக்குடன் செல்வோரைக் காணும்போது, அவர்களுக்குப் பின்னே விழித்திருக்கும் வீட்டையும் நினைப்போமாக.