வலசைக் கணக்கு

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலுக்குப் பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது. மண்நிற முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. வேலிக் கம்பியில் உட்கார்ந்து வாலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே புல்லைக் கவனித்தது. சட்டென்று இறங்கியது, வெட்டுக்கிளியோடு கம்பிக்குத் திரும்பியது.

சைபீரியா, மங்கோலியா, சீனப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே கிளம்பும் பறவை இது. வந்த இடத்தில் தனக்கென ஓர் எல்லை பிடித்துக்கொண்டு இன்னொரு கீச்சானை அண்டவிடாது.

பெஞ்சில் இருந்த சிவகங்கைக்காரத் தம்பி, “என்னண்ணே பாக்குறீங்க?” என்றார். தொலைநோக்கியைக் கொடுத்தேன். “அட, கீச்சான்! எங்க ஊர்ல வேலிக்கருவ மேல உக்காந்து கத்துமே, மழைக்காலத்துல வரும்ண்ணே” என்றார். சரிதான், தமிழகத்துக்கும் இது குளிர்கால விருந்தாளி.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எந்தப் பறவை எத்தனை, எல்லாவற்றையும் இ-பேர்டில் ஏற்றினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம் அது. மைனா, காக்கை எதையும் விடக்கூடாது. கண்டதையெல்லாம் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் துணிந்து சொல்ல முடியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிடாடரி. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையைப் பிடித்து வடக்கே போனால் வந்துவிடும். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாருக்கும் இடம் தந்த அடக்கத்தலம் 1972இல் மூடப்பட்டது. பிறகு கல்லறைகள் தோண்டி அகற்றப்பட, மரங்கள் நின்றன. நகரத்தின் நடுவே இருந்த அந்தப் பசுமையில் வலசைக் குருவிகள் ஆண்டுதோறும் இறங்கி இளைப்பாறின. அழியும் அபாயத்தில் உள்ள பழுப்பு மார்புக் காட்டு ஈப்பிடிப்பானும் அவற்றில் ஒன்று.

இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்பு வரப்போகிறது என்றதும், சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் தாங்கள் சேர்த்துவைத்த பதிவுகளோடு போய்ப் பேசினார்கள். இன்று புளோக்குகள் எழுந்துவிட்டன. ஆனால் மரமடர்ந்த மேடு பூங்காவுக்குள் நிற்கிறது. காடு முழுவதும் தப்பவில்லை. தப்பியதில் அந்தப் பதிவுகளுக்குப் பங்குண்டு என்றே நம்புகிறேன். சுங்கை பூலோ கதையும் இதுதான். 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டு சொன்ன சதுப்பு நிலம், 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல் காப்பகமானது.

நவம்பர் 5, செவ்வாய்

வேலைக்குப் போகும் வழியில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் அடியில் நீலச்சிறகு ஆறுமணிக்குருவி செத்துக் கிடந்தது. வயிற்றடியில் சிவப்பு, சிறகில் பளீரென்ற நீலம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வலசை போகும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. நகர விளக்குகள் அவற்றைத் திசைதிருப்பிக் கீழே இழுக்கின்றன. விடிந்தபின் கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பி மோதுகின்றன. இங்கே அப்படிச் சாகும் பறவைகளில் ஆறுமணிக்குருவி அடிக்கடி இடம்பெறுகிறது.

தொடாமல் படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, பறவை மோதல்களை ஆராயும் குழுவுக்கு அனுப்பினேன். எந்தச் சுவர், எந்த மாதம் என்று தெரிந்தால்தான் எந்தக் கண்ணாடியை மறைப்பது, எந்த விளக்கை அணைப்பது என்று கேட்க முடியும். இந்தச் சாவும் கணக்கில் சேரவேண்டும்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் குலையும் வாங்க நெரிசல். தமிழ்நாட்டில் இந்நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். சிவகங்கைத் தம்பி அழைத்தார்: “அக்கா மகன்கிட்ட சொல்லிட்டேன்ண்ணே, கம்மாய்ப் பக்கம் எண்ணிட்டிருக்கான்.” மனம் நிறைந்துபோயிற்று.

மாலையில் சாலையோர அங்சானா மரத்தில் “ட்ஸிக்” என்று ஒற்றைக் குரல். ஆர்க்டிக் இலைக்கதிர்க்குருவி. எடை சுமார் 10 கிராம். ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நார்வே தொடங்கி சைபீரியா வழியே அலாஸ்காவரை இதன் கூடுகள் உண்டு, குளிர்காலத்துக்குத் தென்கிழக்காசியாதான். இங்கே சாதாரணமாகக் கிடைப்பதால் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

அது ஆபத்து. மஞ்சள் மார்புத் தினைக்குருவியும் ஆசியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவைதான். 1980க்கும் 2013க்கும் இடையில் 84 முதல் 95 விழுக்காடு அழிந்தது. வலசை வழியில் உணவுக்காக வலைவைத்துப் பிடித்ததே முதன்மைக் காரணம். 2004 வரை கவலைக்குரிய பட்டியல் எதிலும் அது இல்லை. 2017இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நிறைய இருந்த காலத்திலேயே ஊருக்கு ஊர் எண்ணியிருந்தால், சரிவு தொடங்கியபோதே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

திடலைச் சுற்றிவந்தேன். கீச்சான் இல்லை, வடக்கே போய்விட்டது. வந்த தேதி மட்டுமல்ல, போன தேதியும் வேண்டும். பருவம் மாறுவதும் வழிகள் சிதைவதும் இந்தத் தேதிகள் நகர்வதில்தான் முதலில் தெரியும்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2015 முதல் நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் பொதுமக்களே பயிற்சி பெற்று எண்ணுகிறார்கள். பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் போதும். நம் புளோக்கின் கீழே ஒரு மரம், வாரத்தில் ஒரு காலை, கண்டதெல்லாம் ஒரு பட்டியலில். அடுத்த செப்டம்பரில் தொடங்க நினைப்பவர்கள் இப்போதே தொடங்கட்டும். வலசைப் பறவை இல்லாத மாதங்களின் கணக்கும் வேண்டியிருக்கிறது.