தறி காத்த மொழி

சேலம் பொன்னம்மாபேட்டைத் தெருக்களில் இன்னும் சௌராஷ்டிர மொழி காதில் விழுகிறது. குஜராத்திலிருந்து புறப்பட்டு, வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் மடியில் கட்டிக்கொண்டு இங்கே தங்கிய பட்டுநூல்காரர்களின் பேச்சு அது. ஏன் வந்தார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கஜினி முகமதுவின் சோமநாதப் படையெடுப்பு காரணம் என்பது குலவழிச் செய்தி. குஜராத்தின் லாட நாட்டுப் பட்டு நெசவாளர்கள் இடம்பெயர்ந்ததைச் சொல்லும் மந்தசோர் கல்வெட்டோ அதைவிட ஐந்து நூற்றாண்டு மூத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் கேள்வி, இந்த மொழி எப்படித் தங்கியது என்பதே. தறிதான் தங்கவைத்தது என்பேன்.

எழுத்து தங்கவைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி.எம். ராமராய் தனி எழுத்துக்கு அரும்பாடு பட்டும் அது வீடுகளுக்குள் பரவவில்லை. குழித்தறி அப்படியல்ல, அது குடும்பத்தையே வேலைக்கு அழைக்கும். தார் சுற்றப் பிள்ளைகள், நூல் இழைக்கப் பெண்கள், பாவு இழுத்துக் கட்டத் தெருவே வேண்டும். வேலையிடமே வீடானதால் தொழிலின் பேச்சும் தாயின் பேச்சும் ஒன்றாயின. சேலத்துத் தேவாங்க நெசவாளர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் நிலைத்ததும் இப்படித்தான். அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போன ஸ்லோவேனியர்களைப் பாருங்கள்: இரும்பாலை ஆளைத் தெருவிலிருந்து பிரித்துக்கொண்டு போனது. அவர்கள் கூடிப் பேசத் தேவாலயமும், 1924-இல் திறந்த தேசிய மண்டபமும் தேவைப்பட்டன.

சாதிக்குள் மணமுடிப்பதுதான் மொழியைக் காத்தது என்று மறுப்பவர்கள் உண்டு. அதற்கும் பங்குண்டு. ஆனால் அது மட்டுமே போதுமென்றால், தறியை விட்டு வேறு ஊர் போன குடும்பங்களின் பிள்ளைகளிடமும் மொழி குன்றாமல் இருக்க வேண்டுமே. மக்கள்தொகைக் கணக்கில் 2001-இல் 1,85,420 பேர், 2011-இல் 2,47,702 பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னார்கள், மொழி வளர்கிறதே என்றும் கேட்கலாம். கணக்கெடுப்பவரிடம் சொல்வது உரிமை. பிள்ளைகள் விளையாடும்போது எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்பதை அந்த ஏடு கேட்பதில்லை.

காவிரியோரம் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஓடுவது விசைத்தறி. அதன் இரைச்சலில் பேச முடியாது. கூலி ஆளுக்குரியது, குடும்பத்துக்கல்ல. வடமாநிலத் தொழிலாளர்கள் இப்போது அங்கே வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது வாடகை அறை. பாவு கட்டத் தெரு இல்லை.