முட்டுக்கட்டைதான் பிரேக்... மேல்சித்தாமூர் போகலாமா?

செஞ்சிக்கு வருபவர்கள் ராஜகிரி ஏறி இறங்கியதும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். திண்டிவனம் பக்கமாக இன்னும் கொஞ்சம் வண்டியை விட்டால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயில், பாறையில் செதுக்கிய சிற்பங்களோடு மலைநாதர் கோயில், ஏப்ரல் வாக்கில் தேர்த் திருவிழா.

கார் மாடல் கிட் வாங்கி ஒட்டுவது எனக்குப் பைத்தியம். 1:24 அளவில் அம்பாசடர் வெறும் 18 சென்டிமீட்டர். அதே கணக்கில் 800 அடி ராஜகிரியைச் செய்தாலும் 33 அடி வரும், வீட்டுக்குள் நுழையாது! கிட்டில் ஸ்டீயரிங், டேஷ்போர்டு எல்லாம் அச்சு அசல். பிரேக் மட்டும் பிடிக்காது.

மரத்தேரிலும் பிரேக் பெடல் கிடையாது. உருளும் சக்கரத்துக்கு அடியில் ஒருவர் குனிந்து முட்டுக்கட்டை போடுவார். நிறுத்துவதும் அதுதான், திருப்புவதும் அதுதான். நூற்றுக்கணக்கானவர்கள் வடம் இழுக்க, கட்டை போடுபவரின் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. எந்த டிரைவரும் அதைப் பார்க்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் போகிறீர்களா? கிராமத்துச் சாலையில் பாதியை நெல்லும் மல்லாட்டையும் பிடித்திருக்கும். வைக்கோல் மேல் சடாரென பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும், பைக் என்றால் கேட்கவே வேண்டாம். முப்பதிலேயே போங்கள். நெல் கிளறும் அம்மா நிமிர்ந்து பார்த்து ஒதுங்கும்வரை ஹாரன் வேண்டாம்.